சொல்லும் ஒரு சொத்துதான்

ஜிஆர்இ தேர்வுக்காக விற்கப்படும் ஆங்கிலச் சொற்பட்டியல் எதையாவது எடுத்து 'பி' வரிசையைப் புரட்டுங்கள். 'பரையா' என்றொரு சொல் பெரும்பாலும் இருக்கும். எதிரே பொருள் போட்டிருப்பார்கள்: சமூகத்தால் விலக்கி வைக்கப்பட்டவர். கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். ஊழலில் சிக்கிய அரசியல்வாதி சொந்தக் கட்சியிலேயே 'பரையா' ஆகிவிட்டார் என்பது போல.

அது நம் ஊர்ச் சொல். பறையர் என்ற பெயர் கப்பலேறிப் போய், ஐரோப்பிய மொழிகளில் 'ஒதுக்கப்பட வேண்டியவர்' என்ற பொதுப் பெயராகி, 'உயர்தர ஆங்கிலம்' என்ற முத்திரையோடு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. சேரியிலிருந்து வந்து தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, தன் பாட்டன் பாட்டியை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன வேறு சில சொற்களையும் பாருங்கள். 'பண்டிட்' என்றால் துறை வல்லுநர். 'குரு' என்றால் வழிகாட்டும் மேதை. 'பிராமின்' என்றால் படிப்பும் ரசனையும் உள்ள மேல்தட்டு மனிதர். 1860இல் அமெரிக்க எழுத்தாளர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் தன் பகுதியின் படித்த பழங்குடும்பங்களுக்கு 'பிராமின் சாதி' என்று பெயர் சூட்டினார். 'பாஸ்டன் பிராமின்' என்பது இன்றும் அங்கே பெருமைக்குரிய அடையாளம். ஆக, இங்கே மேலே உட்கார்ந்தவர்கள் ஆங்கில அகராதியிலும் மேலேயே இருக்கிறார்கள். கீழே தள்ளப்பட்டவர்கள் அங்கேயும் கீழேயே இருக்கிறார்கள். வருணத்தின் வரிசை கடல் கடந்தும் குலையவில்லை.

அப்படியானால் அந்தப் பட்டியலையும் ஆங்கிலத்தையும் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. சொல் ஒரு சொத்து. நிலத்தைப் போலவே அது சில வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது, பல வீடுகளுக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. நிலத்தில் பங்கு கேட்ட இயக்கம் சொல்லிலும் பங்கு கேட்க வேண்டும். பங்கு வாங்கும்போதே அந்தச் சொத்தில் ஒட்டியிருக்கும் சாதி அழுக்கையும் சேர்த்துக் கேள்வி கேட்க வேண்டும். இதுதான் நான் சொல்ல வருவது.

'ரெகாட்டா' யாருக்குத் தெரியும்?

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்கான சாட் தேர்வில் முன்பு ஒப்புமைக் கேள்விகள் இருந்தன. அதில் பேர்போன ஒன்று: ஓட்டக்காரருக்கு மாரத்தான் எப்படியோ, துடுப்புப் போடுபவருக்கு எது? சரியான விடை 'ரெகாட்டா', அதாவது படகுப் போட்டி. ஏரிக்கரையில் சொந்தப் படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது மூளைக்கு வேலையே இல்லாத கேள்வி. நகரத்துக் கறுப்பினத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அது பார்த்தே இராத உலகம். பகுத்தறியும் திறனைச் சோதிப்பதாகச் சொல்லி, அப்பாவிடம் படகு இருக்கிறதா என்று கேட்டார்கள். இத்தகைய கேள்விகள் மீது எழுந்த விமர்சனங்களுக்குப் பிறகு, 2005இல் சாட் தேர்விலிருந்தும் 2011இல் ஜிஆர்இ தேர்விலிருந்தும் ஒப்புமைப் பகுதி நீக்கப்பட்டது.

இந்தக் கதையை ஆரணிக்குக் கொண்டு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரை வெளியூர்க்காரர்கள் பட்டுக்கும் அரிசிக்கும் அறிவார்கள். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஊருக்குள்ளும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் தறிச் சத்தம் கேட்கும். அங்கே தறி வீட்டில் வளரும் பத்து வயதுப் பிள்ளைக்குப் பாவு, ஊடை, தார், நாடா, விழுது, அச்சு, கோர்வை, புட்டா, முந்தி என்று அடுக்கடுக்காகச் சொற்கள் தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் அதை எங்கே தேடிப் பிடித்து எப்படி முடிய வேண்டும் என்று தெரியும். இது நுட்பமான அறிவு. ஆனால் கோர்வை என்றால் என்ன என்று எந்தத் தேர்வும் கேட்காது. அந்தப் பிள்ளையிடமும் தேர்வு 'ரெகாட்டா'வைத்தான் கேட்கிறது. விடை தெரியாதபோது 'சொல் வளம் இல்லை' என்று முத்திரை குத்துகிறது.

அமெரிக்காவிலும் இதே முத்திரை உண்டு. 1995இல் ஹார்ட், ரிஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 42 குடும்பங்களை வைத்து ஆராய்ந்து, ஏழை வீட்டுக் குழந்தைகள் நான்கு வயதுக்குள் மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறார்கள் என்று எழுதினார்கள். அது உலகம் முழுக்கப் பரவியது. பெற்றோர் பேசுவது மட்டும்தானா குழந்தையின் காதில் விழுகிறது, பாட்டியும் அத்தையும் அக்கம்பக்கமும் பேசுவது கணக்கில்லையா என்று கேட்டு 2018இல் வேறு ஆய்வாளர்கள் அந்த முடிவை மறுத்தார்கள். குறை குழந்தையிடமும் தாயிடமும் இருப்பதாகச் சொல்லிவிட்டால், பள்ளிக்கூடமும் அரசும் தப்பித்துக்கொள்ளலாம். 'அவங்க பிள்ளைங்களுக்குப் படிப்பு வராது' என்ற நம் ஊர்த் திண்ணைப் பேச்சின் ஆராய்ச்சி வடிவம் அது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டு நெசவுத் தெருவும் சேரியும் ஒன்றல்ல. நெசவாளருக்குக் கூலி குறைவு, கடன் அதிகம் என்பது உண்மை. ஆனாலும் அந்தத் தெருவின் தொழில், கோயில், சங்கம் எல்லாம் சாதிக்குள்ளேயே சுற்றியவைதான். அந்தப் பெருமை சேரிக்குக் கிடைத்ததில்லை. நெல் வயலிலும் அரிசி ஆலையிலும் உழைத்த தலித் குடும்பத்துப் பிள்ளை இன்னும் ஒரு படி கீழே இருந்து ஏற வேண்டியிருக்கிறது. ஆங்கிலச் சொல் என்று வரும்போது இருவரும் வெறுங்கையோடு நிற்கிறார்கள் என்பது மட்டும்தான் பொது.

ஆங்கிலம் வந்தது, யாருக்கு வந்தது?

ஆங்கிலேயர் ஆரணிக்குப் புதியவர்கள் அல்ல. 1751 டிசம்பரிலேயே ராபர்ட் கிளைவின் படை இங்கே சண்டை போட்டு வென்றது. ஆரணி ஜாகீர் மராத்தியப் பார்ப்பனக் குடும்பத்தின் கையில் இருந்தது. வரியும் கணக்கும் நிர்வாகமும் அவர்களைச் சுற்றியே நடந்தன. 1835இல் மெக்காலே தன் குறிப்பை எழுதியபோதும், ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் நடுவே நிற்கும் ஒரு சிறு கூட்டத்தை உருவாக்குவதுதான் நோக்கம். அந்தச் சிறு கூட்டமாக யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதைச் சென்னை மாகாணத்தின் வரலாறு சொல்லும். மக்கள்தொகையில் சுமார் மூன்று சதவீதம் இருந்த பார்ப்பனர்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டதாரிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருந்தார்கள். 1916 டிசம்பரில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்ததன் பின்னணி இதுதான்.

சமஸ்கிருதம் யார் காதில் விழலாம் என்று சட்டம் எழுதியவர்களின் வாரிசுகள், ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு சட்டம் எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. முதலில் போய் இடம் பிடித்தால் போதும். மூன்று தலைமுறை ஆங்கிலம் படித்த வீட்டில் நாளிதழ், நூலகம், சாப்பாட்டு மேசைப் பேச்சு வழியாகச் சொல் தானாகவே இறங்கிவிடும். பரம்பரைச் சொத்துக்கு ஆங்கிலத்தில் 'ஏர்லூம்' என்று பெயர். அதில் உள்ள 'லூம்' தறியைக் குறிக்கும் அதே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கருவி என்று பொருள். ஆரணியில் தறி தலைமுறை மாறிக் கைக்கு வருகிறது. மயிலாப்பூரில் ஆங்கிலம் கைக்கு வருகிறது. இரண்டில் எதற்கு இன்று விலை அதிகம் என்று நமக்குத் தெரியும்.

வீட்டில் இறங்கி வந்ததைத் 'திறமை' என்று பெயர் மாற்றுவதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. ஒரு கருத்தரங்கில் 'நுட்பமான' என்று பொருள்படும் 'சட்டில்' என்ற ஆங்கிலச் சொல்லை ஓர் ஆய்வு மாணவர் 'சப்டில்' என்று வாசித்தார். எழுத்தில் 'ப்' இருக்கும், ஒலியில் இருக்காது. முன்வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள்? அந்த மாணவர் அந்தச் சொல்லை வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, தானாகப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டார் என்பதற்குத்தான் அந்த உச்சரிப்பு சாட்சி. சொந்த உழைப்பில் சேர்த்ததைப் பார்த்து, பாட்டன் சேர்த்து வைத்ததை வைத்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். இனி யாராவது இப்படி வாசித்தால், அதை முதல் தலைமுறையின் உழைப்பு என்று படித்துக்கொள்ளுங்கள்.

அம்பேத்கரின் இரண்டு சொற்கள்

'பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தை எதற்கு, எளிமையாகப் பேசினால் போதாதா?' என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்பதுண்டு. மேடையில் எளிமை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பெரிய சொல் பகட்டுக்கு மட்டும்தானா? அம்பேத்கர் பயன்படுத்திய இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம்.

1916 மே 9ஆம் நாள், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படிப் பரவின என்பது அதன் பொருள். சாதியைப் பற்றி அதற்கு முன் எழுதிய ஐரோப்பியர்கள் தீட்டு, தொழில், நிறம் என்று பலவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்பேத்கர் 'எண்டோகமி' என்ற ஒரே சொல்லைக் கையில் எடுத்தார். ஸ்காட்லாந்துக்காரரான மெக்லென்னன் 1865இல் பழங்குடித் திருமணங்களைப் பற்றி எழுதிய நூலில் உருவாக்கிய சொல் அது. கிரேக்கத்தில் 'எண்டோ' என்றால் உள்ளே, 'காமோஸ்' என்றால் திருமணம். தன் கூட்டத்துக்குள்ளேயே மணமுடிப்பது. சாதியின் உயிர்நாடி இதுதான், மற்றவை எல்லாம் இதைக் காப்பாற்றும் வேலிகள் என்று அவர் காட்டினார். கணவனை இழந்த பெண்ணை எரிப்பதும், கட்டாயக் கைம்மையும், சிறுமி மணமும் அந்த வேலியின் கம்பிகள் என்று நிறுவினார். இன்று நம் மேடைகளில் சாதாரணமாகப் புழங்கும் 'அகமணமுறை' என்ற தமிழ்ச் சொல்லின் பின்னே இந்த வரலாறு இருக்கிறது. சாதி மறுப்புத் திருமணம் செய்த பிள்ளைகள் ஏன் வெட்டப்படுகிறார்கள் என்பதை விளக்க இதைவிடக் கூர்மையான சொல் நம்மிடம் இல்லை.

இரண்டாவது சொல் 'எண்டோஸ்மோசிஸ்'. இது உயிரியல் சொல். ஒரு சவ்வின் வழியே நீர் உள்ளே ஊடுருவிச் செல்வதைக் குறிக்கும். நெல்லை ஊறப் போட்டால் உமியைத் தாண்டி நீர் உள்ளே போகிறதே, ஏறத்தாழ அதுதான். ஆரணி அரிசி ஆலைக்காரர்களுக்குப் புரியாத விஷயமில்லை. அம்பேத்கரின் ஆசிரியரான ஜான் டூயி 1916இல் வெளிவந்த தன் ஜனநாயகமும் கல்வியும் பற்றிய நூலில் இதைச் சமூகத்துக்குப் பொருத்தினார். அம்பேத்கர் 1919இல் சவுத்பரோ குழுவின் முன் அளித்த சாட்சியத்திலும், 1936இல் வெளியிட்ட 'சாதியை அழித்தொழித்தல்' உரையிலும் அதை எடுத்தாண்டார். ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு அனுபவமும் எண்ணமும் தடையின்றி ஊறிப் பரவ வேண்டும், அதுதான் சகோதரத்துவம், அதுதான் ஜனநாயகம் என்பது அவர் வாதம்.

இரண்டு சொல்லுக்கும் முன்னொட்டு ஒன்றுதான்: 'எண்டோ', உள்ளே. முதலாவது, உள்ளேயே பூட்டிக்கொள்வது. இரண்டாவது, வெளியே இருப்பதை உள்ளே வர விடுவது. முதலாவது நோய், இரண்டாவது மருந்து. பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விடாமல் பாரசீகத்துக்குத் தள்ளப்பட்ட ஒரு மாணவர், பின்னாளில் கிரேக்க வேர்களை வைத்துச் சாதியின் பூட்டைத் திறந்திருக்கிறார். இதைப் பகட்டு என்று யார் சொல்வது?

லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற அமைப்பு அந்த உரையைப் படிக்க விடாமல் மாநாட்டையே கைவிட்டது. அம்பேத்கர் தன் செலவில் அச்சிட்டார். பெரியார் அதைத் தமிழாக்கிக் குடிஅரசு வழியாக மக்களிடம் கொண்டு போனார். சுயமரியாதை இயக்கம் 1928இலேயே 'ரிவோல்ட்' என்ற ஆங்கில இதழை நடத்தியது என்பதையும் நினைவில் வைப்போம். ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழுக்குக் கொண்டு வருவதும், நம் வாதத்தை ஆங்கிலத்தில் வெளியுலகுக்குச் சொல்வதும் அவர்களுக்கு ஒரே வேலையின் இரு பாதிகளாக இருந்தன.

எந்தச் சொற்கள், எப்படி?

இளைய தோழர்கள் எதிர்பார்ப்பது இதைத்தான் என்று தெரியும். நடைமுறைக்கு வருவோம்.

முதலில், எத்தனை சொல் வேண்டும்? மொழிக்கல்வி ஆய்வாளர் பால் நேஷன் கணக்குப்படி, ஆங்கில நாளிதழையும் நாவலையும் துணையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 வரை சொற்குடும்பங்கள் தெரிய வேண்டும். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை இல்லை. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்து, வங்காளப் பிள்ளைகளின் வாசிப்பை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். நியூசிலாந்தில் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் கல்வித்துறை நூல்களை அலசி, எல்லாத் துறைக்கும் பொதுவான 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். கல்விசார் நூல் ஒன்றில் வரும் சொற்களில் ஏறத்தாழ 86 சதவீதம் இந்த இரண்டு பட்டியல்களுக்குள் அடங்கிவிடும். எஞ்சியவை அந்தந்தத் துறையின் கலைச்சொற்களும் பெயர்களும் அரிய சொற்களும்தான்.

எனவே கடையில் விற்கும் 3,000 அபூர்வச் சொற்களில் தொடங்காதீர்கள். 'ஹைப்பாதிசிஸ்', 'கான்டெக்ஸ்ட்', 'வேர்ஆஸ்', 'நெவர்த்லெஸ்', 'இன்ஹியரன்ட்' போன்ற அந்த 570இல் தொடங்குங்கள். இவை வாதத்தின் மூட்டுகள். இவை தெரியாமல் மூன்றெழுத்து நோயின் லத்தீன் பெயர் தெரிந்து பயனில்லை. பேச்சு ஆங்கிலம் வேறு, படிப்பு ஆங்கிலம் வேறு என்பதையும் கவனியுங்கள். நம் பிள்ளைகளுக்கு 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' கற்றுத்தர எல்லோரும் தயார். கடை வாசலில் வாடிக்கையாளரை வரவேற்க அது போதும். உயர்நீதிமன்றத் தீர்ப்பைப் படித்து மறுக்க அது போதாது.

இரண்டாவது, வேர். நார்மன் லூயிஸ் 1949இல் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்றும் நம் நடைபாதைக் கடைகளில் கிடைப்பதற்குக் காரணம், அது சொல்லை வேரோடு பிடுங்கிக் காட்டுகிறது. இதில் தறி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கூடுதல் வசதியும் இருக்கிறது. லத்தீனில் 'டெக்ஸெரே' என்றால் நெய்வது. 'டெக்ஸ்டைல்' அதிலிருந்துதான் வந்தது. 'டெக்ஸ்ட்' என்ற பனுவலும் அதிலிருந்தே. சொல்லோடு சேர்த்து நெய்யப்பட்ட சூழல் 'கான்டெக்ஸ்ட்'. உண்மைக் காரணத்தை மறைக்க முன்னே நெய்து தொங்கவிட்ட திரை 'ப்ரீடெக்ஸ்ட்', அதாவது சாக்கு. கருத்தரங்கில் சிரிப்பை வரவழைத்த அந்தச் 'சட்டில்' கூட, 'பாவுக்குக் கீழே ஓடும் மெல்லிய இழை' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். தமிழிலும் நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம். சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் உவமித்தது நன்னூல். நெசவு நுட்பத்தை அன்றாடம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லின் உட்பொருள் முன்வரிசையில் சிரித்தவர்களைவிட நன்றாகவே விளங்கும்.

மூன்றாவது, பட்டியலைவிடப் பனுவல் முக்கியம். ஒரு சொல்லைப் பத்து இடங்களில் சந்தித்தால்தான் அது நம்முடையதாகும். அதற்கு ஒரே பொருளில் தொடர்ந்து படிக்க வேண்டும். நம்மிடம் அதற்கு ஒப்பற்ற பாடநூல் இருக்கிறது. மகாராட்டிர அரசு 1979இல் வெளியிட்ட அம்பேத்கர் எழுத்தும் பேச்சும் முதல் தொகுதியில் நான் மேலே சொன்ன இரண்டு படைப்புகளும் உள்ளன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்த் தொகுதிகளும் வந்திருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாளுக்கு இரண்டு பக்கம் படியுங்கள். முதலில் ஆங்கிலம், தடுக்கும் இடத்தில் தமிழ். தெரியாத எல்லாச் சொல்லையும் குறிக்க வேண்டாம். மூன்று முறை எதிர்ப்பட்ட சொல்லை மட்டும் ஏட்டில் எழுதுங்கள். அந்த வாக்கியம், வேர், தமிழில் என்ன சொல்லலாம், அந்தச் சொல்லை வைத்து உங்கள் ஊரைப் பற்றி ஒரு வாக்கியம். இந்த நான்கும் போதும். 'எண்டோகமி' என்ற சொல்லுக்குக் கீழே ஆரணித் திருமண மண்டபத்துப் பத்திரிகைகளைப் பற்றி ஒரு வரி எழுதிப் பாருங்கள். பிறகு அந்தச் சொல் மறக்காது.

நான்காவது, தனியாகப் படிக்காதீர்கள். குடிஅரசும் விடுதலையும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டுத்தான் ஊர் ஊராகப் பரவின. அம்பேத்கர் படிப்பகமும் பெரியார் படிப்பகமும் அந்த மரபில் வந்தவை. வாரம் ஒரு மாலை, ஐந்து பேர், ஐந்து பக்கம். உச்சரிப்புத் தவறினால் சிரிக்கக் கூடாது என்பது முதல் விதி. தமிழில் விளக்க முடியாத சொல்லைத் தெரிந்ததாகச் சொல்லக் கூடாது என்பது இரண்டாவது விதி.

அரசிடம் கேட்க வேண்டியவை

இவை எல்லாம் நாம் செய்துகொள்ளக்கூடியவை. ஆனால் தனிமனித முயற்சியை மட்டும் போற்றுவது சாதியமைப்புக்குச் சாதகமான பேச்சு. 'உழைத்தால் வரலாம்' என்று சொல்லிவிட்டு வாசலைப் பூட்டி வைப்பவர்களையும் பார்க்க வேண்டும்.

கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் உரிய யுஜிசி நெட் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பொதுவான முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. இந்தி பேசும் மாநிலத்து மாணவர் தாய்மொழியில் கேள்வியைப் படிக்கலாம். ஆரணி மாணவர், அவர் தமிழ் இலக்கியம் படித்தவராக இருந்தாலும், ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும். தேறினால் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். தேறாவிட்டால் ஆய்வுக்கனவை வீட்டுக் கடனோடு எடைபோட வேண்டும். ஒரு கேள்வியில் ஒரு சொல் புரியாததன் விலை இது. 2014இல் குடிமைப் பணித் தேர்வின் ஆங்கிலப் பகுதியை எதிர்த்து டெல்லியில் மாணவர்கள் வீதிக்கு வந்தபோது, அந்த மதிப்பெண்ணைத் தரவரிசைக்குச் சேர்க்க மாட்டோம் என்று அரசு இறங்கி வந்தது. கேட்டால் மாறும் என்பதற்கு அது சான்று. நெட் தேர்வைத் தமிழிலும் நடத்து என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

அதோடு, ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒழுங்கான நூலகமும் இணையமும் வேண்டும். அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அறிவியலும் வரலாறும் எழுதப்படும் ஆங்கிலத்தைத் தனியே கற்றுத்தர வேண்டும். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டியவனுக்கு மட்டும் கிடைக்கும் பொருளாகச் சொல் இருக்கக் கூடாது. ஆங்கிலம் கேட்பது தமிழுக்கு எதிரானது என்று யாராவது சொன்னால், 1968 முதல் இரு மொழிக் கொள்கையில் நிற்கும் மாநிலம் இது என்பதை நினைவூட்டுங்கள். ஆங்கிலத்தை நாம் ஏற்றது தொழுவதற்கு அல்ல. உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் 2010இல் தலித் மக்கள் ஆங்கிலத்தைத் தேவியாக்கிக் கோயில் எழுப்பத் தொடங்கியபோது அவர்களை இயக்கிய ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெரியார் மண்ணில் இருப்பவர்களுக்கு இன்னொரு தேவி வேண்டாம். கருவி போதும்.

கருவி என்றால் கைக்கு ஏற்றபடி திருத்தவும் வேண்டும். 'பரையா' என்ற சொல் அப்படித் திருத்தப்பட வேண்டியது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கி, இழிவுப் பெயரை நிமிர்த்திப் பிடித்தார். அயோத்திதாசர் அந்தப் பெயரையே மறுத்து, சாதிபேதமற்ற திராவிடர் என்றார். வழி வேறாக இருந்தாலும் இருவரும் மற்றவர் வைத்த பெயரை வைத்தபடி ஏற்க மறுத்தவர்கள். அந்த மறுப்பு இன்னும் ஆங்கில அகராதிக்குள் போய்ச் சேரவில்லை. ஒரு நாட்டைப் 'பரையா ஸ்டேட்' என்று எழுதும் வெளிநாட்டுப் பத்திரிகையாளருக்கு, தன் கைக்குறிப்பில் ஒரு சாதியின் மீதான வசை இருப்பது தெரியாது. அவருக்கு அதை ஆங்கிலத்தில் எழுதிச் சொல்லப் போவது யார்? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யாரைப் புண்படுத்துகிறது, ஏன் கூடாது என்று அவர் மொழியிலேயே, அவர் மறுக்க முடியாத வாதத்தோடு எழுத நம்மில் நூறு பேர் வேண்டும்.

இரண்டு பக்கத்தில் தொடங்குங்கள், தோழர்களே. கூடவே இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.